மூன்றாம் தறியின் பன்னிரண்டாவது கம்பி

பரிசோதனை மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று பேருக்கும் வணக்கம்.

முப்பத்திரண்டு வயதில் பணி அனுபவம் எழுதுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெறும் வயதும் இல்லை, வீட்டில் ஓய்வு கிடைக்கப் போவதும் இல்லை. இரண்டாவது குழந்தை வருகிறது, பெரியவளுக்கு மூன்றரை வயது. திருவள்ளூரிலிருந்து கம்பெனி வேனில் ஒன்றேகால் மணி நேரம் குலுங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி வருவது இனி என்னால் ஆகாது. வேலையை விடுகிறேன் என்று சொன்னதும் மேனேஜர் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "போறதுக்கு முன்னாடி எழுதி வெச்சிட்டுப் போம்மா. கருவியப் பத்தி வேணாம், அதுக்குப் புக்கு இருக்குது. நீ பண்ண கூத்தை எழுது" என்றார்.

ஆகவே இது கூத்துகளின் பட்டியல். பட்டியலில் மூன்றுதான். மூன்றிலும் நான் லாரியை நிறுத்தியிருக்கிறேன்.

கருவியைப் பற்றி ஒரு பத்தி மட்டும் எழுதிவிடுகிறேன், பிறகு வரும் கதை புரிய வேண்டுமே. நம் கம்பெனி நெய்வது எஃகுக் கம்பி வலை. தலைமுடியைவிட மெல்லிய கம்பி, கையில் எடுத்தால் பட்டுத் துணி மாதிரி மடியும். மருந்துக் கம்பெனிகள் வாங்கித் தூள் சலிக்கிறார்கள். இந்த வலையில் எங்கோ ஒரு கம்பி விலகியிருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பார்க்கிற இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்து கண்ணைக் கட்டிவிடும். அதனால் வலை வழியாக லேசர் வெளிச்சத்தை விட்டு ஒரு லென்ஸைக் காட்டுகிறோம். லென்ஸ் படம் காட்டும் என்று பள்ளியில் படித்தோம். படம் காட்டுவதற்கு முன்னால் அது இன்னொரு வேலையும் செய்கிறது. படத்தில் திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் தனியே பிரித்து, குவியும் இடத்தில் புள்ளி புள்ளியாக அடுக்கி வைத்துவிடுகிறது. இதற்கு ஃபூரியர் உருமாற்றம் என்று பெயர். கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் இரண்டு கரும்பலகையும் நிரப்பி, பாதியில் மணி அடித்து, மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று போனார். அதையே ஒரு கண்ணாடித் துண்டு சத்தம் போடாமல் கண நேரத்தில் செய்துவிடுகிறது. அந்தப் புள்ளிகள் விழும் இடத்தில் கரும்புள்ளிகள் கொண்ட ஒரு கண்ணாடித் தட்டை வைத்து மறைத்துவிட்டால் வலையின் ஒழுங்கு முழுக்க அங்கேயே நின்றுவிடும். ஒழுங்கில் சேராத வெளிச்சம் மட்டும் தப்பித்து, இரண்டாவது லென்ஸைத் தாண்டிக் கேமராவில் விழுந்து திரைக்கு வரும். நல்ல வலை என்றால் திரை இருட்டு. குறை இருந்தால் அது மட்டும் மின்னும். துணியை இடம் வலம் நகர்த்தினாலும் புள்ளிகள் நகராது என்பதால் ஒரு சுருளை முழுக்க ஓடவிட்டே பார்க்கலாம். அவ்வளவுதான் கருவி.

முதல் கூத்து, நான் சேர்ந்த வருடம் நடந்தது. திரையில் பிறை மாதிரி ஒரு சுழி மின்னியது. அடுத்த சுருளிலும் அதே சுழி, அதற்கடுத்ததிலும் அதே. வரிசையாக எட்டுச் சுருள். காலையில் கிளம்பிய லோடும் இதே தறிகளில் நெய்தது என்று பதறி, கவரைப்பேட்டை தாண்டிப் போய்விட்ட லாரியைத் திரும்ப வரவழைத்தேன். மேனேஜர் வந்தார். துணியை மெதுவாக இழுத்தார். துணி நகர்ந்தது. சுழி நகரவில்லை. கேமராவுக்கு முன்னால் இருந்த கண்ணாடியைக் கர்ச்சீப்பால் துடைத்தார். சுழி போய்விட்டது. என்னுடைய கட்டைவிரல் ரேகை.

துணி நகரும்போது குறையும் கூடவே நகர வேண்டும். நகராவிட்டால் குறை துணியில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. இதை மறக்க எனக்கு வழியே இல்லை. அன்று முதல் ஒரு வருடம் டெஸ்பாட்ச் பகுதியில் என் பெயர் கட்டைவிரல் மேடம்.

இரண்டாவது, பிரசவ விடுப்பு முடிந்து வந்த இரண்டாவது வாரம். திரை முழுக்க நட்சத்திரமாகக் கொட்டிக் கிடந்தது. நகர்த்திப் பார்த்தேன், நட்சத்திரங்களும் நகர்ந்தன. ஆக, குறை துணியில்தான். பாடத்தைச் சரியாகப் படித்த பெருமையோடு லாரியை நிறுத்தினேன். துணியில் இருந்தது குழந்தைப் பவுடர். காலையில் மகளுக்குப் பூசிவிட்டு அதே சட்டைக் கையோடு வந்து சுருளின் மேல் சாய்ந்திருக்கிறேன். மேனேஜர் சுருளை முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசனைதான்" என்றார். பிறகு இனிமேல் லாரியை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் கையில் காட்ட ஏதாவது வைத்துக்கொள், வெறும் பயத்தைக் காட்டாதே என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நான் பயப்படுகிற ஆள். வேன் பெரியபாளையம் தாண்டுவதற்குள் கேஸ் மூடினேனா, கதவைப் பூட்டினேனா, மகளின் நெற்றி சுட்டதா என்று மூன்று தடவை வீட்டுக்குப் போன் போடுகிற ஆள். கணவர் கோர்ட் ஆபீசில் வேலை பார்க்கிறார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற மாதிரி கேட்கிறாய் என்பார்.

மூன்றாவதுதான் நான் எழுத வந்தது.

விடுப்பில் இருந்தபோது நம்முடைய பழைய தட்டை யாரோ கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த யாரோவுக்குக் கம்பெனியில் எல்லாப் பிரிவிலும் வேலை இருக்கிறது. நான் திரும்பி வரும்வரை மேசையின் மேல் போர்வை போட்டு மூடி வைத்து, உருப்பெருக்கியில் அங்குலத்துக்கு எத்தனை கம்பி என்று எண்ணி மட்டும் சுருளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் வந்த முதல் நாளே புதுத் தட்டு செய்தேன். தட்டு செய்வது எப்படி என்று புக்கில் இருக்கிறது: குறையில்லாத துணி ஒன்றை மேசையில் வைத்து, புள்ளிகள் விழும் இடத்தில் ஃபிலிம் தட்டை வைத்து, கழுவினால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். ஒழுங்கு தன்னைத் தானே வரைந்துகொள்ளும்.

குறையில்லாத துணி எது? மூன்றாம் தறியின் துணி. நம் கம்பெனியில் அதுதான் முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளை. ஓட்டுகிற ஜரீனா பழவேற்காட்டிலிருந்து வருகிற பெண், கம்பி அறுந்தால் மற்றவர்கள் முடிச்சுப் போடும் நேரத்தில் இவள் முடித்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பாள். நான் யோசிக்கவே இல்லை. மூன்றாம் தறியிலிருந்து ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்து தட்டு செய்தேன். கழுவி எடுத்ததும், மேலும் கீழுமாகப் போகும் வரிசைகளில் பெரிய புள்ளிகளின் இரண்டு பக்கமும் பொடி மாதிரி ஏதோ இருந்தது. தூசு என்று நினைத்தேன். கழுவும் தொட்டியில் தூசு இருப்பது சகஜம்தான். மகள் பால் குடித்தாளோ என்னவோ என்ற கவலையில் அன்று வேறு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

ஆறு வாரம் ஓடியது. அந்தப் பவுடர் நாளைத் தவிர திரை எப்போதும் இருட்டு. நல்ல பெயர் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஏழாவது வாரம் திருநின்றவூரிலிருந்து மாமியார் குழந்தையைப் பார்க்க வந்தார். அவர் வந்த அன்று மதியமே கூடத்து ஃபேனை நிறுத்தச் சொன்னார். "இன்னா சத்தம் இது, டக்கு டக்குன்னு. எப்படித்தான் இதுக்குக் கீழ குந்திக்கினு இருக்கீங்களோ." எந்தச் சத்தம் என்று நானும் கணவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். ஃபேனை நிறுத்தி மறுபடி போட்டுக் காட்டினார். இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக்கு. ஒரு வருடமாக இருந்திருக்கும். நாங்கள் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை பத்து மணி டீ இடைவேளையில் இதைக் கேன்டீனில் சிரிப்பாகச் சொன்னேன். எதிரில் ஜரீனா பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"ஃபேன் பரவால்லக்கா. எங்க மூணாம் நம்பர் தறிய வந்து கேளுங்க. பன்னண்டு தபா அடிச்சா ஒரு டக்கு. அத வெச்சிதான் நான் கணக்கே எண்ணிக்கினு இருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க பிரசவ லீவுலேர்ந்து வந்தீங்கல்ல, அதுக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்து. ஃபிட்டராண்ட சொன்னேன். துணி நல்லாதான வருது, உனக்கு இன்னா பேஜாருன்னாரு."

நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நான் திரும்பி வருவதற்கு முன்பே சத்தம் தொடங்கிவிட்டது. விடுப்பு முடிந்துதான் தட்டு செய்தேன். அதே தறியின் துணியை வைத்து. இந்த மூன்று வரிகளும் நடக்க நடக்க ஒன்றன் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன.

தட்டைக் கழற்றி உருப்பெருக்கியில் வைத்தேன். அந்தப் பொடிகள் இருந்தன. ஒவ்வொரு பெரிய புள்ளிக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று, அதற்கப்பால் இன்னும் மங்கலாக ஒன்று. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இரண்டு பெரிய புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. தட்டு முழுக்க அதே பங்கு. தூசு அளவெடுத்து உட்காராது.

புதியவர்களுக்கு இந்த இடத்தை நிதானமாகச் சொல்கிறேன். தறி ஒரு தடவை அடித்தால் ஒரு கம்பி உட்காரும். அதில் ஏதோ ஒரு பல்லோ என்னவோ சரியில்லாமல், ஒவ்வொரு பன்னிரண்டாவது கம்பியும் கொஞ்சம் விலகி உட்கார்ந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் வலையின் கண் பெரிதாகிவிடும், தூளில் தடுக்க வேண்டிய கட்டி அதன் வழியே இறங்கிவிடும். ஒரே ஒரு தடவை நடந்திருந்தால் அது குறை, திரையில் மின்னியிருக்கும். தவறாமல் பன்னிரண்டுக்கு ஒரு தடவை நடந்ததால் அதுவும் ஓர் ஒழுங்கு ஆகிவிட்டது. லென்ஸுக்கு நல்லது கெட்டது தெரியாது. திரும்பத் திரும்ப வருவது எதுவானாலும் அதற்கு ஒரு புள்ளி போட்டுக் கொடுத்துவிடும். நான் அந்தப் புள்ளியையும் சேர்த்துக் கறுப்பாக்கி வைத்திருக்கிறேன். குறையைக் கண்டுபிடிக்கும் கருவிக்குக் குறையைப் பார்க்காதே என்று நானே பொறுப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மற்றத் தறிகளின் துணியில் அந்தப் பொடிப்புள்ளிகள் மறைக்க எதுவும் இல்லாததால் அங்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இதெல்லாம் என் ஊகம்தான், அதுவும் ஒரு ஃபேனை வைத்து வந்த ஊகம்.

மூன்றாம் தறியின் பதினெட்டுச் சுருள் அன்று காலை ஒன்பதரைக்குத்தான் கிளம்பியிருந்தது. வடக்கே குழந்தைகளுக்கான மருந்து செய்கிற கம்பெனி. சத்தம் தொடங்கிய பிறகு நெய்த துணி இதற்கு முன்னால் இரண்டு லோடு போயாகிவிட்டது. எளாவூர் தாண்டி ஆந்திராவுக்குள் போய்விட்டால் லாரியைத் திருப்புவது லேசான காரியம் இல்லை, பில்லை மாற்றுவதிலிருந்து எல்லாம் தலைகீழாகும். மேனேஜரிடம் போய் மூன்றாவது தடவையாக நிறுத்தச் சொன்னால் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பார். ஃபேன் என்று சொல்லவா?

டிரைவர் ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"இன்னா மேடம், மறுபடியுமா? எளாவூர் செக் போஸ்ட்ல லைன்ல நின்னுக்கினு இருக்கேன். முன்னாடி பத்து வண்டிதான் கீது."

நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, தைரியமும் இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கே நாஷ்டா ஆச்சே."

"இன்னொரு தபா சாப்பிடுங்க."

"லைனை விட்டா மறுபடியும் கடைசில போய் நிக்கணும் மேடம்."

"தெரியும். மெதுவா சாப்பிடுங்க. அரை மணி நேரம். நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க."

இதுவரை எந்தத் தரக்கட்டுப்பாட்டுப் புத்தகத்திலும் இல்லாத முறை இது. வேறு எதுவும் தோன்றவில்லை.

அரை மணி நேரத்தில் புதுத் தட்டு செய்ய முடியாது. கழுவிக் காய வைக்கவே அரை நாள். எனக்கு வேண்டியது பெரிய புள்ளிகளை மட்டும் மறைத்து, பொடிப்புள்ளிகளைத் திறந்துவிடும் ஒரு கண்ணாடி. பையைத் துழாவினேன். ஈரத் துடைப்பான், பால் புட்டி மூடி, மகளின் ஒற்றைச் சாக்ஸ், கண் மை டப்பா.

உருப்பெருக்கிக்கு வைக்கிற வெறும் கண்ணாடித் துண்டு ஒன்றைத் தட்டின் மேல் வைத்தேன். கீழே தெரிகிற பெரிய புள்ளிகளுக்கு நேராக மேலே மையால் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தேன். தினமும் காலையில் மகளின் கன்னத்தில் வைத்துப் பழகிய கை, சட்டென்று முடித்தது. தட்டு இருந்த இடத்தில் அந்தக் கண்ணாடியை நிறுத்தி, எங்கள் கையிருப்பில் இருந்த மூன்றாம் தறித் துணியை மாட்டி, லேசரைப் போட்டேன்.

திரை இருட்டு.

ஓரங்களில் மட்டும் கொஞ்சம் கட்டம் கசிந்தது, நடுவே ஒன்றுமில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. நான் நினைத்தது தவறு, துணி சரி, லாரி போகலாம். யாரிடமும் சொல்லவில்லை, அதனால் யாரும் சிரிக்கவும் போவதில்லை. ஏழுமலைக்கு இரண்டாவது நாஷ்டா லாபம். போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

வழக்கமாக நான் இரண்டாம் தடவை சரிபார்ப்பது கெட்ட செய்தியைத்தான். பூட்டவில்லையோ, மூடவில்லையோ. நல்ல செய்தியை நான் சரிபார்த்ததே இல்லை. ஆறு வாரமாக இருட்டுத் திரையைப் பார்த்து நல்ல பெயர் என்று சந்தோஷப்பட்டதும் அப்படித்தான். இப்போது மறுபடியும் அதே இருட்டு, அதே சந்தோஷம். போனைக் கீழே வைத்தேன். கண்ணாடியை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தேன்.

பொட்டு பெரிதாக இருந்தது. குழந்தைக்கு வைப்பது போலத் தாராளமாக, கொழுகொழுவென்று வைத்திருக்கிறேன். பெரிய புள்ளியோடு பக்கத்துப் பொடிகளையும் சேர்த்து மூடிவிட்டது. என் தட்டு செய்த தவற்றையே நான் கையால் இன்னொரு தடவை செய்திருக்கிறேன்.

ஈரத் துடைப்பானால் துடைத்தேன். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் மையைத் தொட்டு, எறும்பின் தலை அளவுக்குப் புள்ளி வைக்கத் தொடங்கினேன். பாதியில் ஏழுமலை கூப்பிட்டார். "மேடம், நாலாவது இட்லி. கடைக்காரன் ஒரு மாரியா பாக்கறான்." தோசை சொல்லுங்கள் என்றேன்.

இரண்டாவது தடவை லேசரைப் போட்டதும் திரையில் கோடுகள் வந்தன. அச்சடித்த கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி, மேலிருந்து கீழ்வரை, ஒரே இடைவெளியில்.

மேனேஜரைக் கூட்டி வந்தேன். அறைக்குள் நுழையும்போதே, "இதுவும் கட்டைவிரலாம்மா?" என்றார். துணியை இழுத்துக் காட்டினேன். கோடுகள் கூடவே நகர்ந்தன. அவர் குனிந்து முகர்வதற்கு முன்னால், பவுடர் இல்லை சார் என்றேன். ஐந்தாம் தறித் துணியை மாட்டச் சொன்னார். மாட்டினேன். இருட்டு. மறுபடி மூன்றாம் தறி. கோடு. அவர் கண்ணாடியை நெருங்கிப் பார்த்தார்.

"இன்னா இது?"

"கண் மை சார்."

அவர் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று ஏழுமலைக்குப் போன் போட்டு, வண்டியைத் திருப்பு என்று இரண்டே வார்த்தை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தன நாளா?" என்றார் மெதுவாக.

இளம் சகோதரர்களே, சகோதரிகளே, எனக்கு இந்த மேசையில் கஷ்டமான நிமிடம் லாரி போய்க்கொண்டிருந்தது இல்லை. இந்த நிமிடம்தான். இன்று காலைதான் தெரிந்தது சார் என்றால் அது பொய் இல்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் லாரியைக் காப்பாற்றியவள். நான் செய்த தட்டை அவர் கேட்கப் போவதும் இல்லை. அதையும் உடைத்தது அந்த யாரோ என்று விட்டுவிடலாம். இவ்வளவும் எனக்குத் தோன்றியது என்பதையும் எழுதிவைக்கிறேன். உங்களுக்கும் தோன்றும், தோன்றினால் அதற்காகப் பயந்துவிடாதீர்கள்.

வீட்டில் மகளுக்கு ஸ்பூனில் கொடுக்கிற காய்ச்சல் மருந்தின் நினைவு வந்தது. அதுவும் எங்கோ யாரோ சலித்த தூள்தான்.

"நான் தட்டு செஞ்ச நாள்லேர்ந்து சார். அதுக்கு முன்னாடியும் இருக்கும். தட்டு செஞ்சதுக்கு நான் எடுத்த துணியே மூணாம் தறிதான். தூசுன்னு நெனைச்சேன். ரெண்டு லோடு போயிடுச்சு."

அவர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பேசிய அம்மாள் கத்தவில்லை. முதல் லோடில் ஒரு சுருளை வெட்டி ஒரு சல்லடையில் மாட்டியாகிவிட்டது, இரண்டு நாள் தூள் அதில் சலித்தது, இன்னும் மாத்திரை ஆகவில்லை, நிறுத்தி வைத்து மறுபடி சலிக்கிறோம் என்றார். கடைசியாக, இது எப்படி உங்கள் பரிசோதனையில் தப்பியது என்று கேட்டார். மேனேஜர் போனை என்னிடம் நீட்டினார். நான் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மாள். எழுதிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

மதியம் ஃபிட்டர் தறியைத் திறந்தார். துணியைச் சுருட்டி இழுக்கிற பகுதியில் ஒரு பல்சக்கரம், தறி பன்னிரண்டு தடவை அடித்தால் ஒரு சுற்று சுற்றுவது. அதில் ஒரு பல் நுனி உடைந்திருந்தது. ஜரீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல" என்று ஷிஃப்ட் முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சக்கரத்தை மாற்றிய மறுநாள் என்னிடம் வந்து குறைபட்டுக்கொண்டாள். "டக்கு இல்லாம எனக்குக் கணக்கே வரமாட்டேங்குதுக்கா."

எனக்கு மெமோ வந்தது. ஆபீஸ் பையன் கையில் கொடுத்தனுப்பாமல் மேனேஜரே கொண்டுவந்தார். "லாரிய நிறுத்துனதுக்கு இல்ல. தட்டுக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத." நான் குழப்பிக்கொண்டுதான் இருந்தேன், இரண்டு வாரம். ஆறு வாரம் தூங்கியவளா, ஒரு காலையில் விழித்தவளா, எது நான் என்று. இரண்டும்தான். அவருடைய கணக்கில் இரண்டுக்கும் தனித்தனிக் காகிதம். மெமோ மட்டும்தான் எழுத்தில் வந்தது, அது வேறு விஷயம்.

இப்போது தட்டு செய்யும்போது மூன்று தறிகளின் துணியை மாற்றி மாற்றி வைத்து, மூன்றிலும் பொதுவாக விழும் புள்ளியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இது இப்போது புக்கிலும் ஏறிவிட்டது. புக்கில் ஏறாத ஒன்று: மாதம் ஒரு தடவை தறிகளுக்கு நடுவே போய், இங்கே வழக்கமான சத்தம் என்ன என்று கேளுங்கள். புதிய சத்தத்தை அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள். பழகிப்போனதை நாம் கேட்டால்தான் சொல்வார்கள். அந்த மைக் கண்ணாடி மேசையின் இரண்டாவது டிராயரில் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்த நாளுக்குப் பிறகு ஏழுமலை எளாவூர் லைனில் நின்றதும் எனக்குப் போன் போட ஆரம்பித்தார். யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை. முதலில் கிண்டலுக்குத்தான் போட்டார். "மேடம், போலாமா, இல்ல தோசை சொல்லட்டுமா?" மூன்று வருடமாக ஒரு லோடுக்குக்கூட அவர் அதை விடவில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்து ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போங்கள் என்பேன்.

அவரிடம் உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கூப்பிடுவார். எடுத்த உடனே போங்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.